பேய் உட்கார்ந்த இடம்

"வருக, வருக, விருந்தாளிகளே! இந்த நிழல் மாளிகைக்குள் நுழைந்தவர் எவரும் வெளியே போனதில்லை!"

"சுத்தப் புளுகு," என்றாள் பட்டாசு, இருட்டுக்குள் ஒலிபெருக்கி இருந்த பக்கம் பார்த்து. "போயிட்டுப் போயிட்டுத்தானேய்யா வர்றோம். இத்தனை தடவை வந்தாச்சு, இன்னும் விருந்தாளின்னே கூப்பிடுறான் பாருங்க அண்ணி. வேற எவனாவது இருந்தா இந்நேரம் கையில துடைப்பத்தைக் குடுத்திருப்பான்."

"வாயை மூடிட்டு உன் பக்கத்துச் சுவரைப் பாரு."

"எங்கேர்ந்து பார்க்கிறது? வண்டி என்னை இந்தப் பக்கம் திருப்புதே!"

அதுதான் அண்ணியின் உயிரை வாங்கியது. இரண்டு பேர் உட்காரும் அந்த வண்டி தண்டவாளத்தில் ஓடியபடியே இஷ்டத்துக்குத் திரும்பியது. எலும்புக்கூடு எழுந்து உட்காரும்போது அதன் பக்கம் திரும்பும். அலமாரி திறந்து பிணம் சரியும்போது அதன் பக்கம் திரும்பும். அண்ணி பார்க்க நினைத்த மூலை, சுவர், கதவு எல்லாம் சரியாக அந்த நேரம் பார்த்து முதுகுக்குப் பின்னால் போய்விடும். எழுந்து நின்று பார்க்கலாம் என்றால் மடியில் பூட்டிய பாதுகாப்புக் கம்பி. இறங்கி நடக்கலாம் என்றாலும் அதே கம்பி. டார்ச் அடித்தால், முன்னால் போகிற வண்டிக்காரர்கள் அதையும் ஒரு பேய் என்று நினைத்து வீறிட்டார்கள்.

கண்ணாடிக் கூடம் வந்தது. ஆளுயரக் கண்ணாடியில் வண்டி தெரிந்தது, வண்டிக்குள் அவர்கள் இருவரும் தெரிந்தார்கள். பின்னாலிருந்து ஒரு பேய் பல்லைக் காட்டிக்கொண்டு எழுந்து, இரண்டு பேர் தோளிலும் உரிமையோடு கை போட்டது.

"நகத்தை வெட்டுடா," என்றாள் பட்டாசு.

அண்ணி நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்து வரப்போகும் சுரங்கத்துக்காகக் குனிந்து டார்ச்சைத் தயார் செய்துகொண்டிருந்தாள். சுரங்கம் வந்தது. இரண்டு பக்கமும் வழுவழுவென்று சிமெண்டுச் சுவர். கதவு இல்லை, ஜன்னல் இல்லை, எலி நுழையும் ஓட்டைகூட இல்லை. இதற்கு முந்தைய சுற்றிலும் இல்லை, அதற்கு முந்தைய சுற்றிலும் இல்லை. பார்த்து முடிப்பதற்குள் கடைசித் திரை விலகி, வெயில் முகத்தில் அறைந்தது.

இந்த இடத்தில் விஷயத்தைச் சொல்லிவிடுவது நல்லது. அண்ணி துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவள். பட்டாசு அவள் புருஷனின் தங்கை, அந்த ஆபீஸின் ஒரே உதவியாளர். பட்டாசு ஓயாமல் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதில், கேஸ் கொடுக்க வரும் கட்சிக்காரர்கள், போலீஸ்காரர்கள், ஒருமுறை கையும் களவுமாகப் பிடிபட்ட ஒரு திருடன் உட்பட எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். அன்று காலை அவளை அவசரமாக அழைத்தவர் பெரிய துணிக்கடைக்காரர் ஒருவர். மனைவியையும் மனைவியின் தம்பியையும் கூட்டிக்கொண்டு இந்தப் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு வந்திருந்தார். புதிதாகத் திறந்த நிழல் மாளிகைக்குள் அக்காவும் தம்பியும் போனார்கள். தம்பி மட்டும் வெளியே வந்தான். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் பூங்கா மேனேஜர் ரைடை நிறுத்த மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"மேடம், திறந்து வாரம்கூட ஆகல. நிறுத்தினா, ஆளை முழுங்கிடுச்சுன்னு புரளி கிளம்பும். ஓடும்போதே எவ்வளவு வேணா பாருங்க. டிக்கெட்கூட வேண்டாம்," என்றார், தானம் கொடுக்கிற முகத்தோடு.

"கேமரா?"

"வாசல்ல ஒண்ணு இருக்கு மேடம். ஆனா அலங்கார வேலைக்காரங்க அதுக்கு முன்னாடி சிலந்தி வலையைத் தொங்க விட்டுட்டாங்க."

அண்ணி அந்தப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தாள். சிலந்தி வலை தெளிவாகத் தெரிந்தது.

இப்போது மறுபடி வெளியே வந்து இறங்கியவளை, வாசலுக்கு எதிரே வெயிலில் நின்றிருந்த துணிக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார். மடிப்புக் கலையாத சட்டை. கண்ணில் தூக்கமில்லாதவர் போல ஒரு சிவப்பு.

"கிடைச்சாளா?"

"இன்னும் இல்லீங்க. நீங்களும் ஒருமுறை உள்ள வந்து பார்த்தா..."

"எனக்கு மூடின இடம் ஒத்துக்காது. தலை சுத்தும். அதனாலதான் அவ தம்பியோட அனுப்பினேன்." குரலை உயர்த்தினார். "எதுக்கு இப்படிச் சுத்திச் சுத்தி வர்றீங்க? கம்பி போட்ட பொண்ணைப் பிடிச்சுக் கேட்டா உண்மை வந்துடும். கம்பியை அவ சரியாப் போடல, இல்ல யாருக்கோ உடந்தையாத் திறந்து விட்டிருக்கா. என் பொண்டாட்டிக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் சொல்லாம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டா."

அண்ணி தலையை மட்டும் ஆட்டினாள். அவள் மனது இன்னும் சுரங்கத்துக்குள்ளேயே இருந்தது.

கம்பி போட்ட பெண்ணை மேனேஜர் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம்கூட வாங்கவில்லை. மாலைக்குள் அந்த அம்மாள் கிடைக்காவிட்டால் இவள் பெயரைப் போட்டுப் போலீசில் எழுதிக் கொடுப்பதாகத் துணிக்கடைக்காரர் சொல்லியிருந்தார்.

"திரும்பவும் சொல்றேங்க. வண்டி நிக்காது, மெதுவா நகர்ந்துட்டே இருக்கும். ஜனங்க ஏறுவாங்க. நான் மடியை மட்டும்தான் பார்ப்பேன். கம்பி 'டக்'குன்னு விழற சத்தம் கேட்டாத்தான் கையை எடுப்பேன். யார் மூஞ்சியும் ஞாபகம் இல்லீங்க."

"உள்ள போனதும் கம்பியை யாராவது திறக்க முடியுமா?"

"முடியாதுங்க. இறங்குற இடத்துல நாங்க மிதிக்கிற பெடல்லதான் திறக்கும்."

"அந்த அம்மா ஏறினது ஞாபகம் இருக்கா? பச்சைச் சேலை."

"மடியில கம்பி இருந்துச்சான்னு கேளுங்க, சொல்றேன்," என்று விசும்பினாள் அவள்.

பட்டாசு அண்ணியின் காதில் குனிந்தாள். "இவகிட்ட அடையாள அணிவகுப்பு நடத்தணும்னா எல்லாரையும் உக்கார வெச்சுத்தான் நடத்தணும்."

தம்பிக்காரன் அறைக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். வேன் ஓட்டிப் பிழைப்பவன், கனமான ஆள், குனிந்த தலை. அவனிடம் அண்ணி ஏற்கெனவே பேசியிருந்தாள். ஆனாலும் எரிச்சலில் இன்னொரு முறை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.

"அக்காவும் நானும் ஏறினோம். எலும்புக்கூடு வந்துச்சு, பிணம் விழுந்துச்சு. அப்புறம் கண்ணாடி. கண்ணாடியில பேய் வந்து அக்கா மடியில உக்காந்துச்சு. அதைப் பார்த்து அக்கா விழுந்து விழுந்து சிரிச்சா. அதுக்கப்புறம் அந்தச் சுரங்கம், ஒரே இருட்டு. வெளிச்சத்துக்கு வந்து பார்த்தா பக்கத்துல அக்கா இல்ல. கம்பி மட்டும் போட்டபடி இருந்துச்சு."

வார்த்தை மாறாமல் காலையில் சொன்னதையே சொன்னான். ஓட்டை உடைசல் இல்லாத சாட்சி. கண்ணாடி வரைக்கும் இருந்தவள் சுரங்கத்தில் இல்லை. சுரங்கத்திலோ ஓட்டையே இல்லை.

"வாடி, இன்னொரு சுற்று," என்றாள் அண்ணி.

"அண்ணி, என் வயிறு இப்பவே தனியா ஒரு சுற்றுப் போயிட்டிருக்கு."

"அந்தச் சுரங்கத்துல என்னமோ இருக்கு."

"இருக்கு. இருட்டு இருக்கு. அதைத்தான் பார்த்துப் பார்த்துத் தேய்ச்சுட்டோமே."

வரிசையில் நின்றார்கள். வரிசையே பாதி இருட்டுக்குள் வளைந்து வளைந்து போனது. ஏறும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்னக் கதவு, அதன்மேல் "பயமாக இருந்தால் இந்த வழி" என்று ஒரு பலகை. பட்டாசு ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கதவை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். இந்த முறை முகம் வெளுத்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க அண்ணி. எனக்குப் பயமா இல்ல, ஆனா இந்த வழிதான்," என்று கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவிட்டாள்.

அண்ணி பல்லைக் கடித்தாள். இத்தனை வருஷத் தொழிலில் ஒரு கேஸ் அவளை இப்படி மடியில் கம்பி போட்டு உட்கார வைத்ததில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வருகிறது. ஒரு பதிலாலும் பிரயோஜனம் இல்லை. கட்சிக்காரர் கத்துகிறார், மேனேஜர் கும்பிடுகிறார், ஒரு அப்பாவிப் பெண் மூக்கைச் சிந்துகிறாள். இவளோ பொம்மை வண்டியில் ஊர்வலம் போகிறாள். அந்த வெறுப்பிலேயே தனியாக ஏறி உட்கார்ந்தாள்.

"வருக, வருக, விருந்தாளிகளே!"

"போடா," என்றாள் அண்ணி. பட்டாசு இல்லாத குறைக்கு அதையாவது சொல்ல வேண்டியிருந்தது.

கண்ணாடிக் கூடம் வந்தபோது டார்ச்சைத் தயார் செய்யக்கூட அவளுக்கு மனமில்லை. சும்மா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடியில் அவள் பக்கத்து இருக்கையில், காலின்மேல் கால் போட்டுக்கொண்டு, பேய் உட்கார்ந்திருந்தது. அவள் பக்கம் திரும்பி, ஒரு கண்ணை அடித்தது.

அண்ணி அலறினாள். துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகு அவள் அலறியது அதுதான் முதல் தடவை. நல்ல வேளை, பட்டாசு இல்லை.

அலறி முடித்ததும் பக்கத்தில் கையை நீட்டிப் பார்த்தாள். வெறும் இருக்கை. மூளை அன்று முதல் முறையாக ஓடத் தொடங்கியது. இவ்வளவு நேரம் பின்னால் நின்று தோளில் கை போட்ட பேய், இப்போது ஏன் பக்கத்தில் உட்கார்ந்தது? சுரங்கம் வந்ததும் போனதும் அவளுக்குத் தெரியவில்லை.

இறங்கியதும் நேராக மேனேஜரிடம் போனாள்.

"கண்ணாடியில வர்ற பேய் எங்க உட்காரும், எப்ப நிக்கும்?"

மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார். "அது எங்க ஸ்பெஷல் மேடம். வெளிய சொன்னா ஜனங்களுக்கு மஜா போயிடும்."

"இப்ப எனக்கு மஜா வேணும். சொல்லுங்க."

"சீட்டுக்கு அடியில எடை பார்க்கிற தகடு இருக்கு மேடம். சீட்டு காலியா இருந்தா பேய் அதுல வந்து உக்காரும். ரெண்டு பேரும் இருந்தா, பாவம், அதுக்கு இடம் இல்ல. பின்னாடி நின்னு தோளைப் பிடிக்கும்."

"யார் மடியிலாவது உக்காருமா?"

"சேச்சே, குடும்பத்தோட வர்ற இடம் மேடம்."

"இதைக் காலையிலேயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கம்பியைப் பத்தியும் சுரங்கத்தைப் பத்தியும்தானே கேட்டீங்க?"

அண்ணிக்கு அவரை அடிப்பதா, தன்னைத்தானே அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. காலையிலிருந்து விடை அவள் தோள்மேல் கை போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. அவள் குனிந்து டார்ச்சைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

வெளியே பட்டாசு முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். தம்பிக்காரன் அதே சுவரில் சாய்ந்திருந்தான்.

"தம்பி, என்கூட ஒரு சுற்று வாங்க," என்றாள் அண்ணி.

"நானா? எதுக்கு மேடம்?"

"உங்க அக்கா உக்காந்த இடத்தைக் காட்டணும்."

அவன் தயங்கினான். அவனுடைய அத்தான், துணிக்கடைக்காரர், தூரத்திலிருந்தே அதட்டினார். "போடா! கூப்பிட்டா போக மாட்டியா?" அவன் போனான்.

வண்டி நகர்ந்தது. கம்பி டக்கென்று விழுந்தது. விருந்தாளிகளை வரவேற்று முடித்தான் அந்தக் குரல்காரன். எலும்புக்கூடு சிரித்தது, பிணம் சரிந்தது. தம்பிக்காரனின் மூச்சு மட்டும் கனமாகக் கேட்டது. கண்ணாடி வந்தது.

பேய் பின்னாலிருந்து எழுந்து, இருவர் தோளிலும் கை போட்டது.

"என் மடியில உக்காரலையே?" என்றாள் அண்ணி.

அவன் கண்ணாடியையே வெறித்துப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"தனியா வர்றவங்களுக்குத்தான் தம்பி அது பக்கத்து சீட்டுல உக்காரும். காலையில உங்களுக்கு உக்காந்திருக்கு. எல்லாருக்கும் அப்படித்தான்னு நினைச்சு, அது உக்காந்த இடத்துல உங்க அக்காவை நீங்களே உக்கார வெச்சுட்டீங்க. ரெண்டும் ஒரே இடத்துல இருந்தா இடிக்குமேன்னு மடியில ஏத்திட்டீங்க. அக்கா இந்த வண்டியில ஏறவே இல்ல."

அவன் கை தானாகக் கம்பியைத் தள்ளிப் பார்த்தது.

"திறக்காது. நீங்களும் ஓட முடியாது, நானும் ஓட முடியாது. அக்காவை என்ன பண்ணினீங்க?"

சுரங்கத்தின் இருட்டு அவர்கள் மேல் விழுந்தது. அந்த இருட்டிலிருந்து வந்த குரலில் பயம் இருந்தது, ஆனால் திருட்டுத்தனம் இல்லை.

"வரிசையில அந்தச் சின்னக் கதவு இருக்குல்ல... அது வழியா அனுப்பிட்டேன். பின்பக்கம் போயி, பஸ் ஏறிட்டா."

"எதுக்கு?"

"அக்கா மருந்தாளுநர் படிப்புப் படிச்சவ மேடம். கல்யாணத்துக்கு முன்னாடி வேலைக்குப் போயிட்டிருந்தா. இப்ப தனியா வாசப்படி தாண்டக் கூடாது. கோயிலா, ஆஸ்பத்திரியா, எங்க அம்மா செத்த வீடா, எங்கன்னாலும் அத்தான் பக்கத்துல நிப்பார். அடிக்க மாட்டார், திட்டக்கூட மாட்டார். நின்னுட்டே இருப்பார். பாத்ரூம் கதவுக்கு வெளியகூட நிப்பார். நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். அத்தானுக்கு இருட்டுன்னா பயம். வெளிய சொல்ல மாட்டார், தலைசுத்தும்பார். இந்த இடத்தைத் திறக்கப் போறாங்கன்னு பேனர் வெச்சாங்க. அவர் வராத இடம் உலகத்துலயே இது ஒண்ணுதான் மேடம்."

அண்ணிக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் உடனே விளங்கவில்லை.

"காணாம போன மாதிரி எதுக்கு நாடகம்? நேரா போயிருக்கலாமே?"

"ஓடிட்டான்னு தெரிஞ்சா கார் எடுத்துட்டுத் துரத்துவார். இங்கேயே எங்கேயோ இருக்கான்னு நினைச்சா இந்த வாசலை விட்டு நகர மாட்டார். அக்காவுக்கு ஒரு மருந்துக்கடையில வேலை பார்த்து வெச்சிருக்கேன். ஹாஸ்டலும் சொல்லியாச்சு. போய்ச் சேர்ந்ததும் வார்டனம்மா ஒரு மிஸ்டு கால் குடுப்பாங்க. அதுவரைக்கும்தான்."

"அதுவரைக்கும் கம்பி போடுற பொண்ணு உள்ள உக்காந்து அழணும்?"

திரை விலகி வெயில் வந்தது.

துப்பறிபவர்கள் ஒருவர் வாயிலிருந்து கேட்டதை அப்படியே நம்புவதில்லை. அண்ணி இறங்கி நேராகக் கட்சிக்காரரிடம் போனாள்.

"ஒரு நிமிஷம் உள்ள வாங்க. உங்க மனைவி விஷயம் முழுசும் அந்த வரிசையிலதான் இருக்கு. நேர்ல காட்டுறேன்."

துணிக்கடைக்காரர் நடந்தார். வரிசையின் முதல் வளைவு வரைக்கும் வேகமாகத்தான் வந்தார். வெளிச்சம் குறைய ஆரம்பித்த இடத்தில் அவர் கால் நின்றது. இன்னொரு அடி வைத்துப் பார்த்தார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கிளம்பியது. இரும்புக் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நகர்ந்து வெயிலுக்கு வந்து சேர்ந்தார். மனைவி காணாமல் போன இடம் அவருக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது.

"அதுக்குத்தானே உங்களை வெச்சிருக்கு!" என்று சீறினார். "நீங்களே போய்ப் பார்த்து இழுத்துட்டு வாங்க. வீட்டுக்கு வரட்டும். இனிமே ஜன்னல் பக்கம்கூட நிக்க மாட்டா."

பட்டாசு வாயைத் திறந்தாள். அண்ணி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"இழுத்துட்டு வர்றதைப் பத்தி அப்புறம் பார்ப்போம்," என்றாள் அண்ணி. "என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குச் சொல்லத்தான் போறேன். இதுவரைக்கும் எந்தக் கட்சிக்காரர்கிட்டயும் நான் பொய் சொன்னதில்ல. ஆனா வேலை இன்னும் முடியல. நீங்க இங்கேயே இருங்க."

"நான் எங்க போகப்போறேன்?" என்று அவர் வாசலைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.

அண்ணி மேனேஜர் அறைக்குப் போய்க் கதவைத் திறந்தாள். "சோதனை நடத்தணும். இந்தப் பொண்ணு அவ இடத்துல நின்னு கம்பி போடணும். வேற ஆள் போட்டா செல்லாது." மேனேஜர் இழுத்தார். ஆனால் வரிசை நீண்டு, ஆள் பற்றாமல் தவித்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டார். அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்த் தன் இடத்தில் நின்றாள்.

"அண்ணி, இப்ப என்ன சோதனை?" என்று பட்டாசு கிசுகிசுத்தாள்.

அண்ணி விஷயத்தையும், அந்த மிஸ்டு கால் வரும்வரை தேடுவது போல நேரத்தை ஓட்டியாக வேண்டும் என்பதையும் நாலு வார்த்தையில் சொன்னாள். பட்டாசு நடந்தபடியே கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அது அவள் வாழ்க்கையில் அபூர்வம்.

"அப்போ வேற வழியே இல்லையா?" என்றாள் கடைசியில், வயிற்றைத் தடவிக்கொண்டு. "மறுபடியுமா?"

"மறுபடியும்."

மறுபடியும் போனார்கள். ஒரு வண்டியில் அண்ணியும் தம்பிக்காரனும், பின் வண்டியில் பட்டாசு தனியாக, பேயோடு. மறுபடியும், மறுபடியும். ஒவ்வொரு சுற்று முடிவிலும் வெயிலுக்கு வருவார்கள். "என்ன ஆச்சு?" என்று துணிக்கடைக்காரர் கத்துவார். "பார்த்துட்டிருக்கோம்," என்று அண்ணி சொல்லிவிட்டு, இறங்காமலேயே அடுத்த சுற்றுக்குப் போவாள். அந்தக் குரலை அவள் இன்னும் வெறுத்தாள். எலும்புக்கூட்டின் சிரிப்பில் நடுவே ஒரு இருமல் வரும் என்பதுகூட அவளுக்குப் பாடமாகிவிட்டது. முதுகு வலித்தது, தலை சுற்றியது. வேண்டாம் வேண்டாம் என்று இருந்த இந்த ரைடை இப்போது நிற்காமல் ஓட வைக்க வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாக வந்தது. தம்பிக்காரன் ஃபோனைத் தொடையில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தான்.

"பஸ் பழுதாகி நின்னிருக்குமோ?" என்றான் ஒரு சுற்றில்.

"பேசாதீங்க," என்றாள் அண்ணி. அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பின் வண்டியிலிருந்து பட்டாசின் குரல் வந்தது. "அண்ணி, எனக்கும் இதுக்கும் நல்லா ஒத்துப் போகுது. எதிர்த்துப் பேச மாட்டேங்குது. வீட்ல பேசி முடிச்சுடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அப்போது தம்பிக்காரனின் விரல்களுக்கு இடையில் வெளிச்சம் வந்தது. ஃபோன் ஒரு முறை அதிர்ந்து நின்றது. அவன் எண்ணைப் பார்த்தான். பார்த்துவிட்டு, அந்தக் கனமான உடம்பு குலுங்க, கம்பியின்மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதான். எலும்புக்கூடு அவன் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டு இருமியது. அண்ணி அவன் முதுகில் கை வைத்தாள்.

இறங்கும் இடத்தில் கம்பி போடும் பெண் பெடலை மிதித்தாள். மூன்று பேரும் இறங்கினார்கள். அண்ணி அவளையும் மேனேஜரையும் கூடவே அழைத்துக்கொண்டு துணிக்கடைக்காரர் முன்னால் போய் நின்றாள்.

"வேலை முடிஞ்சுது. உங்க மனைவி இந்த வண்டியில ஏறல. இந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல, அதை மேனேஜர் முன்னாடி சொல்றேன். கண்ணாடியில பேய் உக்காந்த இடம் காலி சீட்டு. எந்த வண்டியில வேணா ஏத்திக் காட்டுறேன். உங்க மனைவி வரிசையிலேர்ந்து அவங்க காலால நடந்து, அவங்க இஷ்டத்துக்குப் போயிட்டாங்க."

"போயிட்டாளா? எங்க?"

"நான்தான் அனுப்பினேன் அத்தான்," என்றான் தம்பிக்காரன். இந்த முறை தலை குனியவில்லை. "எங்கன்னு சொல்ல மாட்டேன்."

துணிக்கடைக்காரர் அவன் சட்டையைப் பிடித்தார். மேனேஜர் நடுவில் விழுந்தார். மேனேஜரின் கையை உதறிவிட்டுத் துணிக்கடைக்காரர் அண்ணியிடம் திரும்பினார்.

"எந்த ஊர்? அதைச் சொல்லுங்க. அதுக்குத்தானே கூப்பிட்டேன்!"

"எனக்குத் தெரியாது. நான் கேட்டுக்கல," என்றாள் அண்ணி. உண்மையிலேயே அவள் கேட்டிருக்கவில்லை.

"கேட்டுக்கலையா? நீங்களும் கூட்டா?" அவர் ஒரு அடி முன்னால் வந்தார். "நான் பேசினா வருவா. என் குரலைக் கேட்டா வந்துதான் ஆகணும்." சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். ஆத்திரத்தில் யோசிக்காமல் மனைவியின் எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அண்ணிக்கு உறைத்தது. மனைவியைக் காணோம் என்று காலையிலிருந்து கத்தும் மனிதர், இதுவரைக்கும் ஒரு தடவைகூட அவளுக்கு ஃபோன் போட்டுப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். முதல் கேள்வியே அதுவாக இருந்திருக்க வேண்டும்.

எங்கோ பக்கத்தில் குருவி கத்துவது போல ஒரு மணி அடிக்க ஆரம்பித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் துணிக்கடைக்காரரின் கால்சட்டைப் பையிலிருந்து வந்தது. அவர் ஒரு கையால் காதில் ஃபோனை வைத்தபடி, இன்னொரு கையால் பையைப் பொத்திக்கொண்டார். அது அடித்துக்கொண்டே இருந்தது.